பொவே தீவு அமெச்சூர் வானொலிப் பயணங்கள்

பொவே தீவு அமெச்சூர் வானொலிப் பயணங்கள் என்பன, தென் அத்திலாந்திக் பெருங்கடலில் மனிதர் வாழாத பொவே தீவுக்குச் சென்று, அங்கிருந்து உலகெங்கிலும் உள்ள அமெச்சூர் வானொலி நிலையங்களுடன் தொடர்பு கொள்வதற்காக மேற்கொள்ளப்பட்ட பயணங்கள் ஆகும். அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் இவ்வகைப் பயணத்தை டிஎக்ஸ்பெடிசன் என்று அழைக்கின்றனர். தந்திக் காலத்தில் "தொலைவு" என்பதற்குப் பயன்பட்ட "டிஎக்ஸ்" என்னும் குறுக்கமும், பயணம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து இப்பெயர் உருவானது.

1962 முதல் சிலமுறை மட்டுமே இத்தீவிலிருந்து அமெச்சூர் வானொலி இயக்கப்பட்டுள்ளது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் சென்ற இரு குழுக்கள் தீவில் கால் பதிக்காமலே திரும்பின. 2023 இல் சென்ற குழு கரையிறங்கியது. ஆனால் தன் கருவிகள் அனைத்தையும் கரை சேர்க்க அதனால் இயலவில்லை. இத்தீவைப் பொறுத்தவரை வானொலியை இயக்குவதைவிடக் கரையிறங்குவதே கடினமான செயல் என்பதை இப்பயணங்களின் வரலாறு காட்டுகின்றது.

பொவே தீவு

பொவே தீவு நோர்வே நாட்டின் ஆட்சிப் பகுதியாகும். இதன் பரப்பளவு சுமார் 49 சதுர கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 93 விழுக்காடு பனியாறுகளால் மூடப்பட்டுள்ளது. இது ஓர் எரிமலைத் தீவாகும். இதன் மிக உயர்ந்த சிகரமான ஓலாவ்தொப்பன் 780 மீட்டர் உயரமானது. மிக அருகிலுள்ள நிலப்பரப்பு தெற்கே சுமார் 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அண்டார்க்டிகா ஆகும். தென்னாப்பிரிக்கா வடகிழக்கே சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இதனால் உலகின் மிகத் தனிமையான தீவுகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

1739 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாள் பிரெஞ்சு மாலுமி சான்-பப்டிஸ்ட் சார்லசு பொவே டெ லொசியே இத்தீவை முதன்முதலில் கண்டார். மூடுபனியும் பனிக்கட்டிகளும் தடுத்ததால் அவரால் கரையிறங்க முடியவில்லை. தாம் கண்டது ஒரு தென் கண்டத்தின் முனை என்றே அவர் எண்ணினார். அவர் குறித்த இட அளவுகள் பிழையாக இருந்தமையால், பின்னர் சேம்சு குக் தேடியும் இதனைக் காணவில்லை. 1898 இல் "வால்டிவியா" என்னும் செருமானிய ஆய்வுக் கப்பல் சென்ற பிறகே இதன் சரியான இருப்பிடம் உறுதியானது. 1927 இல் "நோர்வேகியா" கப்பலில் வந்த நோர்வே குழுவினர் தீவில் சுமார் ஒரு மாத காலம் தங்கி, அதற்கு உரிமை கோரினர். 1930 இல் இது சட்டப்படி நோர்வேயின் ஆட்சிப் பகுதியானது. 1971 முதல் இது இயற்கைப் பாதுகாப்பிடமாக உள்ளது. பென்குயின்களும் கடல்நாய்களும் இங்கு பெருமளவில் வாழ்கின்றன.

தீவில் துறைமுகமோ படகுத்துறையோ விமானத் தளமோ இல்லை. கரையின் பெரும்பகுதியில் செங்குத்துப் பாறைகளும் பனியாற்று முகப்புகளும் நேரே கடலில் இறங்குகின்றன. கப்பல்கள் பாதுகாப்பாக நங்கூரமிட ஏற்ற இடங்களும் அரிது. தென் அகலக்கோடு 54 பாகைக்கு அருகில் அமைந்துள்ளதால், வலிய மேற்குக் காற்றும் உயர்ந்த அலைகளும் மூடுபனியும் இங்கு ஆண்டு முழுவதும் உண்டு. கோடைக் காலமான சனவரி, பெப்ரவரி மாதங்களிலும் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கும்.

அமெச்சூர் வானொலியும் நாடுகளின் பட்டியலும்

வணிக நோக்கமின்றி, தேர்வு எழுதி அரசிடம் உரிமம் பெற்ற தனிமனிதர்கள் இயக்கும் இருவழி வானொலி அமெச்சூர் வானொலி எனப்படும். ஹாம் வானொலி என்பது இதன் வழக்குப் பெயர். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். அழைப்புக்குறியின் முதல் எழுத்துக்கள் நாட்டைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, "விடி", "வியூ" போன்றவை இந்தியாவுக்கு உரியவை. "3ஒய்" என்னும் தொடக்கம் நோர்வேக்கு ஒதுக்கப்பட்டது. பொவே தீவும், அண்டார்க்டிகாவுக்கு அருகிலுள்ள நோர்வேயின் முதலாம் பீட்டர் தீவும் இத்தொடக்கத்தையே பயன்படுத்துகின்றன.

அமெச்சூர்கள் பலர், இயன்றவரை அதிகமான நாடுகளுடன் தொடர்பு கொள்வதை ஒரு நீண்டகால இலக்காகக் கொண்டுள்ளனர். எதைத் தனி "நாடு" என எண்ணுவது என்ற கேள்வியை முன்வைத்து, 1935 இல் அமெரிக்கரான கிளிண்டன் டெசோட்டோ "கியூ.எஸ்.டி." இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் அடிப்படையில் ஏ.ஆர்.ஆர்.எல். எனப்படும் அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கம் "டிஎக்ஸ்சிசி" என்னும் விருதைத் தொடங்கியது. குறைந்தது 100 நாடுகளுடன் தொடர்பு கொண்டதற்குச் சான்று காட்டுவோருக்கு இவ்விருது வழங்கப்படும்.

இப்பட்டியலில் உள்ளவை அனைத்தும் அரசியல் நாடுகள் அல்ல. தாய்நாட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் உள்ள தீவுகளும் தனித்தனி இடங்களாகக் கணக்கிடப்படுகின்றன. இந்தியாவின் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இலட்சத்தீவுகளும் இவ்வாறே தனித்தனியாக எண்ணப்படுகின்றன. இப்பட்டியலில் மொத்தம் 340 இடங்கள் உள்ளன.

மக்கள் வாழும் நாடுகளில் பெரும்பாலும் சில அமெச்சூர்கள் இருப்பர். பொவே போன்ற தீவில் ஒருவரும் இல்லை. எனவே யாரேனும் அங்கு சென்று வானொலியை இயக்கினால் மட்டுமே மற்றவர்கள் அவ்விடத்தைத் தம் கணக்கில் சேர்க்க முடியும். இரு பயணங்களுக்கு இடையில் பத்து அல்லது இருபது ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. ஒரு வாய்ப்பைத் தவறவிடும் முதிய அமெச்சூருக்கு அடுத்த வாய்ப்பு வாழ்நாளில் கிட்டாமலே போகலாம். 2023 ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன்னர், அதிகம் தேடப்படும் இடங்களின் வரிசையில் வட கொரியாவுக்கு அடுத்த நிலையில் பொவே தீவு இருந்தது.

வானொலி அலைகள் செல்லும் வழி

இப்பயணங்களில் பெரும்பாலும் 1.8 முதல் 28 மெகா ஏர்ட்சு வரையிலான அதிர்வெண்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றின் பெரும்பகுதி சிற்றலை எனப்படும். இவ்வலைகள் பூமிக்கு மேல் சுமார் 100 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டல அடுக்குகளால் வளைக்கப்பட்டு மீண்டும் தரைக்குத் திரும்புகின்றன. இவ்வாறு ஒரு தாவலில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை அலை செல்லக்கூடும். பின்னர் அது கடல் அல்லது தரையில் பட்டு மீண்டும் மேலெழும். பொவே தீவிலிருந்து நோர்வேயின் தலைநகரான ஒசுலோவுக்குத் தொலைவு ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர். எனவே அலை குறைந்தது நான்கு தாவல்களில் அதனைக் கடக்க வேண்டும்.

எந்த அதிர்வெண் எந்த நேரத்தில் எத்திசையில் பயன்படும் என்பது சூரியனைப் பொறுத்தது. பகலில் 14 மெகா ஏர்ட்சுக்கு மேற்பட்ட உயர் அலைவரிசைகளும், இரவில் 7 மெகா ஏர்ட்சு, அதற்கும் கீழுள்ள அலைவரிசைகளும் தொலைதூரத் தொடர்புக்குப் பொதுவாக ஏற்றவை. சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் உயர் அலைவரிசைகள் சிறப்பாகச் செயல்படும். எனவே பயணக் குழுக்கள் கடல் அமைதியான பருவத்தோடு, சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியச் சுழற்சியையும் கருத்தில் கொள்கின்றன.

தீவுகளில் இயற்கையாகவே ஒரு நன்மை உண்டு. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கடலோரத்தில் நிறுத்தப்படும் செங்குத்து ஆண்டெனாவிலிருந்து அலைகள் தொடுவானை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் வலுவாகப் புறப்படும். தொலைதூரத் தொடர்புக்குத் தேவைப்படுவது இக்கோணமே. எளிய ஓர் உலோகத் தண்டும் சில கம்பிகளும் இதற்குப் போதுமானவை.

பயணங்களின் வரலாறு

1962: அமெரிக்கரான கஸ் பிரவுனிங் "எல்.எச்.4.சி" என்னும் அழைப்புக்குறியில் இங்கிருந்து இயக்கினார். பல அரிய இடங்களுக்குத் தனியாகவே சென்று வானொலி இயக்கியவர் இவர்.

1989-1990: ஒரு குழு 1989 திசம்பர் இறுதி முதல் 1990 சனவரி நடுப்பகுதி வரை "3ஒய்5எக்ஸ்" என்னும் அழைப்புக்குறியில் இயக்கியது. 40,000 இற்கும் மேற்பட்ட தொடர்புகள் பதிவாயின.

2000-2001: நோர்வே ஆய்வுக் குழு ஒன்றுடன் சென்ற அமெரிக்க விண்வெளி வீரர் சார்லசு பிராடி, ஓய்வு நேரங்களில் "3ஒய்0சி" என்னும் அழைப்புக்குறியில் இயக்கினார். இவர் 1996 இல் கொலம்பியா விண்ணோடத்தில் எசு.டி.எசு.-78 பயணத்தில் பங்கேற்ற மருத்துவர் ஆவார். விண்வெளியிலிருந்தும் பொவே தீவிலிருந்தும் அமெச்சூர் வானொலியை இயக்கியவர் என்ற வகையில் இவர் குறிப்பிடத்தக்கவர்.

2007-2008: ஆய்வுக் குழுவொன்றின் உறுப்பினர் ஒருவர் "3ஒய்0இ" என்னும் அழைப்புக்குறியில், பணி போக எஞ்சிய நேரத்தில் இயக்கினார்.

இதன் பின்னர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவிலிருந்து அமெச்சூர் ஒலி எதுவும் எழவில்லை.

2018 ஆம் ஆண்டுப் பயணம்

பன்னாட்டு அமெச்சூர்கள் 20 பேர் கொண்ட குழு "3ஒய்0சட்" என்னும் அழைப்புக்குறியில் இயக்கத் திட்டமிட்டது. 2018 சனவரியில் சிலி நாட்டின் புந்தா அரேனாசு துறைமுகத்திலிருந்து "பெட்டான்சோசு" என்னும் கப்பலில் இக்குழு புறப்பட்டது. தீவுக்கு உள்ள தொலைவு 4,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. படகில் கரையிறங்குவதன் ஆபத்தைத் தவிர்க்கும் பொருட்டு உலங்கு வானூர்திகள் உடன் கொண்டு செல்லப்பட்டன. ஆட்களையும் கருவிகளையும் பனியாற்றுப் பரப்பில் இறக்கி அங்கு முகாம் அமைப்பதே திட்டம்.

கப்பல் தீவின் அருகே சென்றடைந்தது. ஆனால் தாழ்ந்த முகிலும் மூடுபனியும் பலத்த காற்றும் நாள்தோறும் தொடர்ந்ததால் வானூர்திகள் பறக்க இயலவில்லை. இதற்கிடையே கப்பலின் இயந்திரம் ஒன்றில் கோளாறு ஏற்பட்டது. மீட்புக்கு வேறு கப்பல் எதுவும் அணுக முடியாத கடற்பகுதியில், குழுவினரைத் தீவில் இறக்கிய பின் கப்பல் செயலிழந்தால் அவர்களை மீட்க வழியில்லை. எனவே பயணத்தைக் கைவிடக் கப்பல் தலைவர் முடிவு செய்தார். 2018 பெப்ரவரி தொடக்கத்தில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. கப்பல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை நோக்கித் திரும்பியது. ஒரு தொடர்பு கூட நிகழவில்லை. ஆனால் அனைவரும் உயிருடன் திரும்பினர். தீவைக் கண்டும் கரையிறங்க முடியாமல் பொவே திரும்பி 279 ஆண்டுகள் கழிந்த பின்னும், அவரைத் தடுத்த அதே மூடுபனி இக்குழுவையும் தடுத்தது.

2019 ஆம் ஆண்டுப் பயணம்

அடுத்த ஆண்டில் "3ஒய்0ஐ" என்னும் அழைப்புக்குறியுடன் ஒரு சிறு குழு கேப் டவுனிலிருந்து புறப்பட்டது. தீவை நெருங்கும் வேளையில் கடும் புயலில் சிக்கிக் கப்பல் சேதமுற்றதால் இக்குழுவும் திரும்ப நேர்ந்தது.

2023 ஆம் ஆண்டுப் பயணம்

நோர்வே அமெச்சூர்கள் முன்னின்று ஒழுங்கு செய்த பன்னாட்டுக் குழு, 2023 சனவரியில் போக்லாந்து தீவுகளின் இசுட்டான்லி துறைமுகத்திலிருந்து "மராமா" என்னும் பாய்மரக் கப்பலில் புறப்பட்டது. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து தீவை அடைந்தது. தீவின் தென்கிழக்கிலுள்ள கேப் ஃபீ என்னும் முனையில் முகாம் அமைக்க அனுமதி பெறப்பட்டிருந்தது. இவர்களிடம் வானூர்தி இல்லை.

கரையை ஒட்டி அலைகள் உடைந்து புரண்டதால் காற்றடைத்த படகைக் கரைவரை கொண்டு செல்வது இயலாததாயிற்று. எனவே படகை அலை உடையும் இடத்துக்கு வெளியே நிறுத்தி, உயிர்காப்பு உடை அணிந்தவர்கள் கயிற்றைப் பற்றிக்கொண்டு உறைநிலைக்கு அருகிலிருந்த நீரில் இறங்கிக் கரை சேர்ந்தனர். கூடாரம், வானொலிக் கருவிகள், மின்னாக்கி, எரிபொருள், உணவு ஆகியவை நீர்புகாத பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கயிற்றால் இழுக்கப்பட்டன. இம்முறையில் எல்லாவற்றையும் கரை சேர்க்க நாட்கள் போதவில்லை. அடுத்தடுத்துப் புயல்கள் வரவிருந்தமையால், மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு சிறு முகாம் அமைக்கப்பட்டது.

பெப்ரவரி தொடக்கத்தில் "3ஒய்0ஜே" என்னும் அழைப்புக்குறி காற்றில் எழுந்தது. சில நாட்கள் மட்டுமே இயங்கிய இந்நிலையம் ஏறத்தாழ 19,000 தொடர்புகளைப் பதிவு செய்தது. பெரும் பயணங்கள் ஒரு இலட்சம் தொடர்புகளையும் எட்டுவதுண்டு என்பதால் இது சிறிய எண்ணிக்கையே. எனினும் ஆயிரக்கணக்கானோருக்குப் பொவே தீவுடன் கிடைத்த முதல் தொடர்பு இதுவாகும். வானிலை மோசமடைவதற்குள் குழுவினர் அனைவரும் கப்பலுக்குத் திரும்பிப் பாதுகாப்பாகக் கேப் டவுனை அடைந்தனர்.

இயக்கும் முறை

அரிய தீவிலிருந்து ஓர் அழைப்பு எழுந்தவுடன் உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் பதிலளிப்பர். இக்குவியல் "பைல்-அப்" எனப்படும். அனைவரும் தீவு நிலையத்தின் அதிர்வெண்ணிலேயே அழைத்தால் அதன் குரல் எவருக்கும் கேட்காது. எனவே தீவு நிலையம் ஓர் அதிர்வெண்ணில் பேசி, அதற்குச் சில கிலோ ஏர்ட்சு மேலே கேட்கும். இது பிரித்தியக்கும் முறையாகும்.

ஒரு தொடர்பு மிகச் சுருக்கமானது. அழைப்புக்குறியும் ஒலித்தரக் குறிப்பும் பரிமாறப்பட்டவுடன் அது முடிந்துவிடும். குரல் அல்லது மோர்சு முறையில் தேர்ந்த இயக்குநர் ஒருவர் நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு தொடர்புகளை நிகழ்த்துவார். இவை கணினிப் பதிவேட்டில் உடனுக்குடன் சேர்க்கப்படுகின்றன. பின்னர் தொடர்பை உறுதி செய்யும் "கியூ.எஸ்.எல்." அட்டை அஞ்சல் மூலமோ, மின்னணு முறையிலோ வழங்கப்படும்.

2023 ஆம் ஆண்டுக் குழு ஆற்றல் பெருக்கிகள் இன்றிச் சுமார் 100 வாட்டு ஆற்றலில் இயக்கியது. 1,000 வாட்டுடன் ஒப்பிட இது 10 டெசிபெல் குறைவாகும். கேட்கும் நிலையத்தில் இரைச்சல் மிகுந்திருந்தால், இக்குறைவே தொடர்பு கிட்டுமா கிட்டாதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். இந்நிலையில் "எஃப்.டி.8" என்னும் எண்ணிம முறை பெரிதும் உதவியது. 1993 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சோசப் டெய்லரும் இசுட்டீவ் ஃபிராங்கும் 2017 இல் இதனை வெளியிட்டனர். இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் 15 நொடி இடைவெளியில், சுமார் 50 ஏர்ட்சு அகலத்தில் அனுப்பப்படுகின்றது. பிழை திருத்தும் குறியீடு சேர்க்கப்படுவதால், மனிதக் காதுக்கு எட்டாத அளவு இரைச்சலில் அமிழ்ந்த சமிக்ஞையையும் கணினி பிரித்தறியும்.

அனுமதியும் செலவும்

தீவு பாதுகாப்பிடமாக இருப்பதால் கரையிறங்குவதற்கு நோர்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் அனுமதி தேவை. விலங்குகளுக்கு இடையூறு செய்யக்கூடாது. அயல் விதைகளும் உயிரினங்களும் சென்று சேராதவாறு உடைகளையும் கருவிகளையும் தூய்மை செய்ய வேண்டும். கழிவு உட்படக் கொண்டு சென்ற அனைத்தையும் திரும்ப எடுத்து வர வேண்டும். வானொலி உரிமம் தனியாகப் பெறப்பட வேண்டும்.

கப்பலை வாடகைக்கு அமர்த்துவதே மிகப் பெரிய செலவாகும். ஒரு பயணத்துக்குப் பல இலட்சம் அமெரிக்க டாலர்கள் ஆகின்றன. இதில் பெரும்பங்கைக் குழுவினர் தாமே ஏற்கின்றனர். மீதி, வட கலிபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளை போன்ற அமைப்புகளிடமிருந்தும், பல நாட்டு அமெச்சூர்களின் நன்கொடையிலிருந்தும் கிடைக்கின்றது. கரையிறங்க முடியாமல் போனாலும் கப்பல் வாடகை பெரும்பாலும் செலவானதே.

கருத்து வேறுபாடுகள்

சில நாள் வானொலித் தொடர்புக்காக இவ்வளவு பணத்தையும் உயிரையும் பணயம் வைப்பது தகுமா என்ற கேள்வி ஒவ்வொரு பயணத்தின் போதும் எழுகின்றது. செயற்கைக்கோள் தொலைபேசி உள்ள காலத்தில் இத்தொடர்புக்கு நடைமுறைப் பயன் இல்லை என்பது ஒரு வாதம். தொலைவிலுள்ள இயற்கைப் பாதுகாப்பிடத்துக்கு மனிதர் செல்வதே தேவையற்றது என்போரும் உளர்.

கம்பியோ கோபுரமோ செயற்கைக்கோளோ இன்றி, மின்னாக்கியும் கம்பி ஆண்டெனாவும் கொண்டு கண்டங்களைக் கடந்து தொடர்பு கொள்ளும் திறனை இப்பயணங்கள் வளர்க்கின்றன என்பது ஆதரவாளர்களின் பதிலாகும். இத்திறனின் பயன் 2004 திசம்பரில் அந்தமானில் வெளிப்பட்டது. பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயரில் இத்தகைய வானொலிப் பயணத்தில் ஈடுபட்டிருந்த இந்தியக் குழு, திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, தன் கருவிகளை மீட்புப் பணிக்கான செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தியது.

பொவே தீவைப் பொறுத்தவரை, 2018 இல் திரும்ப முடிவெடுத்ததும், 2023 இல் பெரிய முகாமைக் கைவிட்டுச் சிறிய முகாமுடன் நிறைவு கொண்டதும் குழுவினரின் உயிர் கருதி எடுக்கப்பட்ட முடிவுகளாகும். பதிவான தொடர்புகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இப்பயணங்களை மதிப்பிட இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

அமெச்சூர் வானொலி
அயனி மண்டலம்
பொவே தீவு
முதலாம் பீட்டர் தீவு
மோர்சு தந்திக்குறிப்பு